கிளாஸ்கோ வீட்டுக்கு மின் பாய்லர்: 14 கிலோவாட் தேவைதானா?

அங் மோ கியோ அப்பா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மருத்துவராகப் பணிபுரியும் என் மகள் அண்மையில் அங்கே ஒரு வீடு வாங்கியிருக்கிறாள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மணற்கல்லால் கட்டப்பட்ட, தரைத்தளத்தையும் சேர்த்து நான்கு அடுக்குள்ள பழைய கட்டடம் அது. அவளுடைய வீடு நடு அடுக்கில் இருக்கிறது. மேலேயும் கீழேயும் குடித்தனங்கள் உண்டு. வீட்டுக்கு எரிவாயு இணைப்பு கிடையாது. இரவில் உள்ளிருக்கும் கற்களைச் சூடேற்றி வைத்துக்கொண்டு பகலில் மெல்ல வெப்பத்தை விடும் ஸ்டோரேஜ் ஹீட்டர்களைத்தான் முந்தைய உரிமையாளர் வைத்திருந்தார். அவற்றில் பாதி இப்போது வேலை செய்யவில்லை. அவற்றைக் கழற்றிவிட்டு ஒரு மின் பாய்லரைப் பொருத்தி, அதிலிருந்து ஏழு ரேடியேட்டர்களுக்குச் சுடுநீர் ஓடும் முறைக்கு மாறலாம் என்று அவள் எண்ணுகிறாள்.

மூன்று பேரிடம் விலை கேட்டோம். முதலாமவர், வீட்டைச் சூடாக்குவதோடு குளியலுக்கும் வெந்நீர் தரும் 14.4 கிலோவாட் பாய்லர் வேண்டும் என்கிறார். இரண்டாமவர் 9 கிலோவாட் பாய்லரும் தனியாக ஒரு வெந்நீர்த் தொட்டியும் போதும் என்கிறார். மூன்றாமவர் வீட்டுக்கு வந்து பார்க்கவே இல்லை. ரேடியேட்டர்கள் எத்தனை என்று தொலைபேசியில் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை கிலோவாட் என்று பெருக்கி, பத்தரை என்று சொல்லிவிட்டார்.

வீட்டைக் குளிரவைக்கும் கணக்குத்தான் எனக்குத் தெரியும், சூடாக்கும் கணக்கு தெரியாது. ஒரே வீட்டுக்கு மூன்று விடைகள் எப்படி வருகின்றன, எதை நம்புவது என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பொங்கோல் பொறியாளர் எழுதியது:

வணக்கம் ஐயா. கட்டடச் சேவைப் பொறியியல் என் தொழில். இங்கு வருவதற்கு முன் சில ஆண்டுகள் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வெப்பமூட்டும் அமைப்புகளை வடிவமைத்திருக்கிறேன்.

மூன்று விடைகள் வந்ததற்குக் காரணம், மூவரும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்லியிருப்பதுதான். முதலாமவர் குளியலுக்கான கணக்கைச் சொல்கிறார். இரண்டாமவர் வீட்டுக்கான கணக்கைச் சொல்கிறார். மூன்றாமவர் கணக்கே போடவில்லை. ரேடியேட்டர்களின் எண்ணிக்கையை வைத்துப் பாய்லரைத் தேர்ந்தெடுப்பது, படுக்கையறை என்றால் 9,000 பிடியு (குளிரூட்டும் திறனின் அளவு) என்று கண்ணை மூடிக்கொண்டு ஏர்கான் வாங்குவதைப் போன்றது. மேற்கு வெயில் விழும் அறைக்கும் நிழலில் இருக்கும் அறைக்கும் அது ஒன்றாக முடியாது என்பது உங்களுக்கே தெரியும்.

முதலில் குளியலைப் பார்ப்போம், ஏனென்றால் 14.4 என்ற எண் அங்கிருந்துதான் வருகிறது. நம் வீடுகளில் உள்ள உடனடி வெந்நீர்க் கருவி பெரும்பாலும் 3.3 கிலோவாட்தான். அது போதுமானதாக இருப்பதற்குக் காரணம், சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரே 27, 28 டிகிரியில் வருகிறது. அதை 40 டிகிரிக்கு ஏற்ற வெறும் 12 டிகிரி கூட்டினால் போதும். அந்தத் திறனில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 4 லிட்டர் கிடைக்கும். கிளாஸ்கோவில் குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் 5 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். அதே 4 லிட்டரை 40 டிகிரிக்கு ஏற்ற 35 டிகிரி கூட்டவேண்டும். அதற்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 9.8 கிலோவாட். முதலாமவர் சொல்லும் 14.4 கிலோவாட் முழுவதையும் குளியலுக்கே கொடுத்தாலும் நிமிடத்துக்கு 6 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும். எரிவாயு பாய்லர்கள் 24, 30 கிலோவாட் அளவில் இருப்பதும் இதனால்தான். அந்த அளவு வெந்நீருக்காக, வீட்டுக்காக அன்று.

எனவே நான் எப்போதும் சொல்வது இதுதான்: மின் பாய்லர் என்று முடிவெடுத்தால் குளியலையும் வீட்டையும் பிரித்துவிடுங்கள். வெந்நீருக்கு 150 லிட்டர் அளவில் வெப்பக்காப்பிட்ட தொட்டி ஒன்று, அதற்குள் நீரில் மூழ்கி நின்று சூடேற்றும் 3 கிலோவாட் இம்மர்ஷன் ஹீட்டர் ஒன்று. 10 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்கு ஏற்ற அதற்கு ஏறத்தாழ 8.7 அலகு மின்சாரமும் மூன்று மணி நேரமும் ஆகும். லெஜியோனெல்லா கிருமி பெருகாமல் இருக்கத் தொட்டி நீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோவது அங்கு வழக்கம். குளியல் தனியாகப் பிரிந்துவிட்டால் பாய்லரின் அளவை வீட்டின் வெப்ப இழப்பு மட்டுமே தீர்மானிக்கும்.

அந்த இழப்பைக் கணக்கிட எனக்குச் சில அளவுகள் வேண்டும். வீட்டின் பரப்பு, கூரையின் உயரம், வெளிச்சுவர்களின் நீளம், சன்னல்களின் மொத்தப் பரப்பு, கண்ணாடி ஒற்றையா இரட்டையா, பழைய கணப்புகள் திறந்திருக்கின்றனவா மூடியிருக்கின்றனவா என்பனவற்றை மகளிடம் கேட்டு எழுதுங்கள். ஸ்காட்லாந்தில் வீடு விற்பவர் வழக்கமாகத் தரவேண்டிய ஹோம் ரிப்போர்ட் அவரிடம் இருக்கும்; அதில் எரிசக்திச் சான்றிதழும் சேர்ந்திருக்கும், சில விவரங்கள் அதிலேயே கிடைக்கும்.


ஜூரோங் ஜெயம் எழுதியது:

இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை என்பது என் தாழ்மையான கருத்து. குளிர் நாட்டில் வீடு. பெரியதாகவே வாங்கிப் போட்டுவிட்டால் எக்காலத்துக்கும் கவலையில்லை. சிறியதை வாங்கி, ஜனவரி மாதத்தில் பிள்ளை நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது?


பொங்கோல் பொறியாளர் எழுதியது:

ஜெயம் அவர்களின் அச்சம் நியாயமானதே. அதில் ஒரு பாதி உண்மையும் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய மின் பாய்லர் வாங்கினால் மின்கட்டணம் கூடிவிடும் என்று பலரும் எண்ணுகிறார்கள், அது சரியன்று. ஒரு வீடு எவ்வளவு வெப்பத்தை வெளியே இழக்கிறதோ அவ்வளவைத்தான் எந்தப் பாய்லரும் ஈடுசெய்யும். பெரியது விரைவாகச் செய்யும், சிறியது மெதுவாகச் செய்யும், அவ்வளவே. அளவுக்கு மீறிய எரிவாயு பாய்லர் அடிக்கடி அணைந்து எரிந்து திறனை இழக்கும்; திரும்பி வரும் நீர் ஏறத்தாழ 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அதன் புகையில் உள்ள நீராவி குளிர்ந்து கூடுதல் வெப்பத்தைத் தரும் என்பதும் அங்கு ஒரு கட்டுப்பாடு. மின் பாய்லரில் இந்தச் சிக்கல்கள் கிடையாது. உள்ளே செல்லும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகிவிடுகிறது, தேவைக்கு ஏற்பச் சூடேற்றும் கம்பிகளில் ஒன்றிரண்டு மட்டும் இயங்கும்படியும் பல கருவிகள் அமைந்திருக்கின்றன.

ஆனால் பெரியதன் விலை வேறோரிடத்தில் வந்து நிற்கும், அது மின் இணைப்பு. அதை நம் தளத்தில் உள்ள மின் பணியாளர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.


அங் மோ கியோ அப்பா எழுதியது:

மிக்க நன்றி. நேற்றிரவு மகளைக் காணொளி அழைப்பில் வைத்துக்கொண்டு அளவு நாடாவுடன் வீடு முழுவதும் நடக்கவைத்தேன். பரப்பு 65 சதுர மீட்டர். கூரையின் உயரம் 3.1 மீட்டர், நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் கூரையைப் பார்த்துப் பழகிய எனக்கு அது கோயில் மண்டபம்போலத் தெரிந்தது. தெருப் பக்கமும் பின்பக்கமும் மட்டுமே வெளிச்சுவர்கள். இரண்டும் சேர்ந்து 15 மீட்டர் நீளம், இரண்டடிக் கனமுள்ள மணற்கல். சன்னல்கள் மொத்தம் 9 சதுர மீட்டர், மேலும் கீழும் நகரும் பழைய மரச் சட்டங்கள், ஒற்றைக் கண்ணாடி. வரவேற்பறையில் ஒரு கணப்பு திறந்தே இருக்கிறது. அதன் அருகே கையை வைத்தால் காற்று உள்ளே வருவது தெரிகிறது என்றாள். ஒரு பக்கச் சுவர் பொதுப் படிக்கட்டை ஒட்டியது, அங்கே வெப்பமூட்டும் வசதி கிடையாது.

மேலும் ஒன்று. அவளுக்கு இரவுப் பணியும் உண்டு. வீடு நீண்ட நேரம் பூட்டிக் கிடந்து பிறகு அவள் திரும்பும் நாள்கள் பல.


பொங்கோல் பொறியாளர் எழுதியது:

அருமையான விவரங்கள், ஐயா. கணக்கை உங்கள் கண்முன்னே போட்டுக்காட்டுகிறேன். இதில் பள்ளிக்கூடப் பெருக்கலுக்கு மேல் எதுவும் இல்லை.

கிளாஸ்கோவில் வெப்பமூட்டும் அமைப்பை வடிவமைக்கும்போது வெளியே சுமார் மைனஸ் 4 டிகிரி என்று எடுத்துக்கொள்வார்கள். அதைவிடக் குளிரும் நாள்கள் உண்டு, ஆனால் அவை அரிது. அந்த அரிய நாள்களுக்காகக் கருவியைப் பெருக்கத் தேவையில்லை. உள்ளே வரவேற்பறைக்கு 21, படுக்கையறைக்கு 18 என்பது வழக்கம்; நாம் வீடு முழுவதற்கும் சராசரி 20 என்று வைத்துக்கொண்டால் உள்ளுக்கும் வெளிக்கும் வேறுபாடு 24 டிகிரி.

வெளிச்சுவர் 15 மீட்டர் நீளம், 3.1 மீட்டர் உயரம். சன்னல்களைக் கழித்தால் ஏறத்தாழ 37 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர்ச் சுவர் ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் எத்தனை வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது என்பதை யு மதிப்பு என்பார்கள். அவ்வளவு கனமான மணற்கல் சுவருக்கு 1.2 என்று கொள்ளலாம். மூன்றையும் பெருக்கினால் 1,070 வாட். சன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடியின் மதிப்பு 4.8, எனவே 9 சதுர மீட்டர் சன்னல் மட்டுமே 1,040 வாட் இழக்கிறது. சுவரின் நான்கில் ஒரு பங்கு பரப்புகூட இல்லாத சன்னல், சுவர் முழுவதற்கும் சமமாக இழப்பதைக் கவனியுங்கள். படிக்கட்டை ஒட்டிய சுவருக்கு 300 வாட் வைத்துக்கொள்வோம்.

அடுத்து காற்று. பழைய வீடுகளில் இதுதான் பெரிய திருடன். வீட்டின் கொள்ளளவு ஏறத்தாழ 200 கன மீட்டர். திறந்த கணப்பும் இடைவெளி விட்ட சன்னல் சட்டங்களும் இருக்கும் நிலையில், ஒரு மணி நேரத்தில் வீட்டுக் காற்று முழுவதும் ஒன்றரை முறை மாறுகிறது என்று கொண்டால், அந்தக் குளிர்ந்த காற்றைச் சூடாக்க மட்டுமே ஏறத்தாழ 2,380 வாட் வேண்டும். கணப்பை முறையாக மூடி, சன்னல் சட்டங்களுக்கு இடைவெளி அடைக்கும் பட்டைகளைப் பொருத்தி, மணிக்கு ஒருமுறை என்று குறைத்தால் அது 1,580 வாட்டாகிவிடும். புகைபோக்கியை மூடும்போது சிறிதளவு காற்றோட்டம் விட்டே மூடவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஈரம் தேங்கும்.

மேல்வீடும் கீழ்வீடும் சூடாக இருந்தால் அந்த வழியாக இழப்பு ஏதும் இருக்காது என்றே சொல்லலாம். ஆனால் மேல்வீட்டுக்காரர் குளிர்காலம் முழுவதும் ஸ்பெயினுக்குப் போய்விட்டால் என்ன ஆகும்? அதற்காக ஒரு 1,000 வாட் சேர்த்துக்கொள்வோம்.

எல்லாவற்றையும் கூட்டினால், வீடு இன்றிருக்கும் நிலையில் ஏறத்தாழ 5.8 கிலோவாட். காற்றை அடைத்து, சன்னலின் உட்புறம் இரண்டாவது கண்ணாடிச் சட்டம் ஒன்றையும் பொருத்தினால், சன்னல் இழப்பு ஏறத்தாழ பாதியாகி மொத்தம் 4.5 கிலோவாட் அளவுக்கு இறங்கும். அது பழங்காலக் கட்டடம் என்பதால் தெருப் பக்கச் சன்னலையே மாற்றுவதற்கு நகர மன்றத்தின் அனுமதி தேவைப்படலாம். உட்புறச் சட்டத்துக்கு அந்தத் தொல்லை பொதுவாகக் குறைவு.

ஆக, கொட்டும் குளிரிலும் இந்த வீட்டின் தேவை 14 அன்று, ஆறுக்குள். என் பரிந்துரை 6 கிலோவாட் பாய்லர், அதற்கு முன்பாகவே காற்றடைப்பு வேலை. இது தொலைவிலிருந்து போட்ட கணக்கு என்பதால், வேலையைக் கொடுப்பதற்கு முன் பிஎஸ் ஈஎன் 12831 என்ற தரநிலைப்படி அறைக்கு அறை வெப்ப இழப்பைக் கணக்கிட்டுத் தாளில் தரும்படி ஒப்பந்தக்காரரைக் கேளுங்கள். தர மறுப்பவரைத் தாராளமாகத் தவிர்த்துவிடலாம்.


செங்காங் செல்வி எழுதியது:

பொறியாளர் தம்பியின் கணக்கை மதிக்கிறேன், ஆனால் 6 என்ற முடிவோடு என்னால் உடன்பட முடியவில்லை. என் கணவரின் பணி காரணமாக எடின்பரோவில் இதே வகையான கல் கட்டடத்தில் பல குளிர்காலங்களைக் கழித்தவள் நான்.

தம்பி கணக்கிட்டிருப்பது ஏற்கெனவே சூடாக இருக்கும் வீட்டை அதே சூட்டில் வைத்திருக்கத் தேவையான அளவு. ஐயாவின் மகளோ இரவுப் பணி முடிந்து, பல மணி நேரம் குளிர்ந்து கிடந்த வீட்டுக்குள் காலையில் நுழையப்போகிறார். இரண்டடிக் கல் சுவர் ஒருமுறை குளிர்ந்துவிட்டால் அது மீண்டும் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அறையின் காற்று சூடாகிவிட்டதாக வெப்பமானி காட்டினாலும் சுவரருகே உட்கார்ந்தால் முதுகில் குளிர் ஏறும். கணக்குக்குச் சற்று மேலே மட்டும் இருக்கும் பாய்லர் அந்த நிலையிலிருந்து மீள அரை நாள் எடுத்துக்கொள்ளும். ஆகவே 9 கிலோவாட் என்று சொன்ன இரண்டாமவர்தான் சரி என்பேன்.

அடுத்து, யாரும் இன்னும் தொடாத செலவுக் கணக்கு. பிரிட்டனில் மின்சாரம் அலகுக்கு ஏறத்தாழ 25 பென்ஸ், எரிவாயு ஏறத்தாழ 6 பென்ஸ். ஓர் ஆண்டில் அந்த வீட்டுக்கு 8,000 அலகு வெப்பம் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், மின் பாய்லரில் 2,000 பவுண்டு, நம் பணத்தில் ஏறத்தாழ 3,400 வெள்ளி. அதே வெப்பத்தை எரிவாயு பாய்லர் 550 பவுண்டுக்குள் கொடுத்துவிடும். வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை உள்ளே இழுத்து, ஒரு அலகு மின்சாரத்தில் மூன்று அலகு வெப்பம் தரும் ஹீட் பம்ப் என்றால் 700 பவுண்டுக்குள் முடியும்; அதற்கு ஸ்காட்லாந்து அரசாங்கம் ஹோம் எனர்ஜி ஸ்காட்லாந்து வழியாக, சொந்த வீட்டில் குடியிருப்போருக்கு 7,500 பவுண்டு வரை மானியமும் கொடுத்துவருகிறது. நடு அடுக்கு வீட்டில் வெளிப்புறக் கருவியை எங்கே வைப்பது என்பது பெரிய கேள்விதான், ஆனால் கேட்காமலேயே விட்டுவிடக்கூடாது. எரிவாயு இணைப்பு தெருவரை இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

ஸ்டோரேஜ் ஹீட்டர்களை இளக்காரமாக எண்ணவேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். எகானமி 7 போன்ற கட்டணத் திட்டங்களில் இரவு ஏழு மணி நேரம் மின்சாரம் மலிவாகக் கிடைக்கும். மின் பாய்லர் பகலில் முழு விலையில் ஓடும். ஸ்டோரேஜ் ஹீட்டர் இரவு விலையில் வாங்கி வைத்துக்கொள்ளும். இப்போது வரும் புதிய வகைகள் வெப்பத்தை முன்பைவிட நன்றாகப் பிடித்து வைத்திருக்கின்றன.


பொங்கோல் பொறியாளர் எழுதியது:

செல்வி அக்கா சொன்ன மீள்சூட்டுக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். மகள் வேலை நேரம் மாறி மாறி வருபவர் என்பதால் 9 கிலோவாட் பொருத்தம்தான். கூடவே, வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் முழுவதுமாக அணைத்துவிடாமல் 15, 16 டிகிரியில் ஓடவிட்டு, திரும்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாகக் கைப்பேசி வழியே ஏற்றிக்கொள்ளலாம்.

ஆனால் ஸ்டோரேஜ் ஹீட்டரைப் பொறுத்தவரை, முந்தைய இரவிலேயே நாளைய தேவையை ஊகித்துச் சேமிக்கவேண்டிய கருவி அது. வேலை நேரம் நிலையில்லாதவருக்கு அது ஒத்துவருவது கடினம். இரவு விலையின் பயனைத் தொட்டி வழியாகப் பெறலாம். இம்மர்ஷன் ஹீட்டரை மலிவான ஏழு மணி நேரத்துக்குள் மூன்று மணி நேரம் ஓடவைத்தால் அன்றைய குளியலுக்கான வெந்நீர் தயாராகிவிடும். ஆனால் இத்தகைய திட்டங்களில் பகல் விலை சாதாரண விலையைவிடக் கூடுதலாக இருக்கும் என்பதால், பாய்லர் பகலில் எவ்வளவு ஓடும் என்று பார்த்த பிறகே மாறவேண்டும்.


உட்லண்ட்ஸ் மின்பணியாளர் எழுதியது:

நான் இங்கு உரிமம் பெற்ற மின் பணியாளர். பிரிட்டனிலும் நம்மைப்போலவே 230 வோல்ட்தான், ஆகவே ஆம்பியர் கணக்கு மாறாது. 14.4 கிலோவாட் பாய்லர் தனியாகவே ஏறத்தாழ 63 ஆம்பியர் இழுக்கும். நம் வீவக வீடுகளில் பெரும்பாலானவற்றின் மொத்த வரவே 40 ஆம்பியர், அதாவது ஒன்பது கிலோவாட்டுக்குச் சற்று மேல் என்பதை நினைத்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய சுமை என்பது புரியும்.

அங்கே வீட்டின் மெயின் ஃபியூஸ் 60, 80 அல்லது 100 ஆம்பியராக இருக்கும். பழைய கட்டடங்களில் 60 இருப்பது அரிதன்று. அப்படியானால் 14.4 என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. 9 கிலோவாட் 39 ஆம்பியர், இம்மர்ஷன் ஹீட்டர் 13, கெட்டில் ஒரு 13, மின் அடுப்பு அதற்கு மேல். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் 60 ஆம்பியர் ஃபியூசுக்கு இதுவே நெருக்கடிதான். 80 அல்லது 100 என்றால் கவலை இல்லை. 6 கிலோவாட் என்றால் 26 ஆம்பியர், அதனால்தான் பொறியாளர் முதலில் சொன்ன எண்ணும் ஒதுக்கித் தள்ளக்கூடியதன்று. ஃபியூசை உயர்த்த முடியாமல் போனால் அதற்கே திரும்பவேண்டியிருக்கும்.

மெயின் ஃபியூஸ் மின் விநியோக நிறுவனத்தின் சொத்து. முத்திரையிட்டிருப்பார்கள், உங்கள் ஒப்பந்தக்காரர் அதைத் தொடக்கூடாது. கிளாஸ்கோவில் அது எஸ்பி எனர்ஜி நெட்வொர்க்ஸ். நம் ஊர் மின் நிறுவனமான எஸ்பிக்கும் அதற்கும் பெயர் ஒற்றுமை தவிர வேறு உறவில்லை. இவ்வளவு சுமை கூடப்போகிறது என்று முன்கூட்டியே அவர்களுக்குத் தெரிவித்து, ஃபியூசை உயர்த்த முடியுமா என்று கேட்கவேண்டும். பல வீடுகளுக்கு ஒரே கம்பி மேலேறிச் செல்லும் பழைய கட்டடங்களில் சில நேரம் முடியாது என்பார்கள், அல்லது கம்பியை மாற்றவேண்டும் என்பார்கள். அதற்கு நாளும் ஆகும். ஆகவே பாய்லருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இந்த விடை உங்கள் கையில் இருக்கவேண்டும். உள் கம்பி வேலைக்கு ஸ்காட்லாந்தில் செலக்ட் போன்ற அமைப்புகளில் பதிவு பெற்றவரைப் பிடியுங்கள். பாய்லருக்குத் தனிச் சுற்று, தனிச் சுவிட்ச், இவற்றில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.


அங் மோ கியோ அப்பா எழுதியது:

உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. ஃபியூஸ் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். 80 என்று அச்சிட்டிருக்கிறது. தெருவில் எரிவாயு இருந்தாலும் கட்டடத்துக்குள் குழாய் கொண்டுவர மற்ற உரிமையாளர்களின் இசைவு வேண்டும் என்பதால் அதை விட்டுவிடுகிறோம். ஹீட் பம்ப் பற்றி விசாரிக்கும்படி சொல்லியிருக்கிறேன், ஆனால் வெளிக்கருவியைத் தொங்கவிடப் பின்முற்றத்துச் சுவரைத் தவிர வேறு இடமில்லை. அதுவும் பொதுச் சுவர். ஆக, 9 கிலோவாட் பாய்லரும் 150 லிட்டர் தொட்டியும் என்று தீர்மானிக்கவிருக்கிறோம். ரேடியேட்டர்களைப் பற்றி ஏதேனும் கவனிக்கவேண்டுமா?


பொங்கோல் பொறியாளர் எழுதியது:

அச்சிட்ட எண் ஃபியூசின் உறையின் மேல் இருந்தால் அது உறை தாங்கும் அளவாக மட்டும் இருக்கலாம். உள்ளே இருப்பது 60ஆகவும் இருக்கக்கூடும். விநியோக நிறுவனத்திடமே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

ரேடியேட்டரின் விலைப்பட்டியலில் போட்டிருக்கும் வாட், அதற்குள் ஓடும் நீர் அறையைவிடச் சராசரியாக 50 டிகிரி கூடுதல் சூட்டில் இருக்கும்போது கிடைப்பது; அதாவது அறை 20 என்றால் நீர் 70 டிகிரி. நீரை 55 டிகிரியில் அனுப்பினால், ரேடியேட்டரைச் சுற்றி வரும்போது அதன் சராசரி 50 அளவுக்கு இறங்கும். அறையோடு உள்ள வேறுபாடு 30 மட்டும். அப்போது அதே ரேடியேட்டர் பட்டியலில் உள்ளதில் ஏறத்தாழ பாதியைத்தான் தரும். மின் பாய்லருக்கு 70 டிகிரி நீர் சிரமமில்லை. ஆனாலும் 55 டிகிரிக்கே போதுமான பெரிய ரேடியேட்டர்களை இப்போதே போட்டுவிடச் சொல்வேன். அக்கம்பக்கத்தார் ஒப்புக்கொண்டு நாளை அந்தப் பின்முற்றத்துச் சுவரில் ஹீட் பம்ப் வைக்கும் நிலை வந்தால், குறைந்த சூட்டில் சிறப்பாக ஓடும் அந்தக் கருவிக்குக் குழாயும் ரேடியேட்டரும் அப்படியே பொருந்தும்; பாய்லரை மட்டும் கழற்றினால் போதும். வரவேற்பறையின் வெப்ப இழப்பு 1,500 வாட் என்று அறைவாரிக் கணக்கில் வந்தால், பட்டியலில் 3,000 வாட் என்று போட்டிருக்கும் ரேடியேட்டரை வாங்கச் சொல்லுங்கள். இரட்டைத் தகடு உள்ளவை இடத்தை அதிகம் அடைக்காது. சன்னலுக்குக் கீழே வைத்தால் அங்கிருந்து இறங்கும் குளிர்காற்றை அது மேலே தள்ளிவிடும். திரைச்சீலை மட்டும் அதன்மேல் தொங்கி மூடாதபடி சன்னல் படியோடு நிற்கவேண்டும்.